குஞ்சுப் பெட்டிக்குள் சமிபாடு: உமிழ்நீரும் பப்பாசிப் பாலும் வைத்துச் செய்து பார்த்தவை

கோழி முட்டை பொரிக்க வைக்கும் பெட்டியின் சூடு 37.5 பாகை செல்சியஸ். மனித உடம்பின் உட்சூடு 37 பாகை அளவில். இந்த இரண்டு எண்களும் இவ்வளவு கிட்டக் கிட்ட இருப்பதால்தான் இந்த வேலையைத் தொடங்கினேன். அக்காவின் மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். நொதியங்கள் (உணவை வெட்டிச் சமிக்கவைப்பது போன்ற வேலைகளைச் செய்யும் புரதங்கள்) பற்றிய பாடத்தில் உகந்த வெப்பநிலை, உகந்த பிஎச் (அமில, கார அளவு) எல்லாம் மனப்பாடம். ஆனால் ஒரு துளி உமிழ்நீர் சோற்றுக் கஞ்சியை என்ன செய்கிறது என்று அவள் கண்ணால் கண்டதில்லை. பார்க்காமல் எழுதுகிற விடையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆரையம்பதியில் எங்கள் வளவிலிருந்து காத்தான்குடிப் பக்கம் போனால் குஞ்சு பொரித்து விற்கிற காக்கா ஒருவர் இருக்கிறார். நோன்பு மாதம் அவருடைய பெட்டிகளில் ஒன்று சும்மா கிடந்தது. கேட்டதும், "கொண்டு போங்க தம்பி, பெருநாள் முடிஞ்சி முட்டை வெக்கக்குள்ள தந்தாச் சரி" என்று தூக்கித் தந்துவிட்டார்.

பெட்டியில் மாற்றியவை

அது மீனுக்கு ஐஸ் போட்டு வருகிற தடித்த றெஜிபோம் பெட்டிதான். ஒரு மூலையில் 12 வோல்ட் மோட்டார்சைக்கிள் பல்ப். அதை ஏற்றி அணைக்க டபிள்யூ 1209 என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை. அதிலிருந்து வரும் கறுப்பு வயரின் நுனியில் உலோகத் தொப்பி போட்ட உணரி. காற்றைச் சுற்றிவிட ஒரு கம்பியூட்டர் விசிறி. கரண்ட் முழுவதும் பழைய கம்பியூட்டர் பவர் சப்ளையின் மஞ்சள் வயரிலிருந்து வருகிறது, அதாவது 12 வோல்ட் மட்டும். 230 வோல்ட் பெட்டிக்குள் எங்கேயும் வராதபடி காக்கா செய்து வைத்திருந்தார். உள்ளே தண்ணீர் வைக்கப் போகிற எனக்கு அது பெரிய நிம்மதி. பிள்ளைகளோடு இதைச் செய்பவர்கள் இந்த ஒரு விசயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

முட்டைக்குக் காற்றின் சூடு போதும், அது நாட்கணக்காக உள்ளே கிடக்கும். சோதனைக் குழாய் உள்ளே இருப்பது சில நிமிடங்கள்தான். காற்று அவ்வளவு விரைவாகச் சூட்டைக் கொடுக்காது. ஆகவே பால்மா ரின் ஒன்றில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, குழாய்களை அதற்குள் நிறுத்தி, உணரியையும் காற்றிலிருந்து எடுத்துத் தண்ணீருக்குள் போட்டேன். அப்போது வேறொரு சிக்கல் வந்தது. தண்ணீர் மெதுவாகச் சூடாகும் வரை பல்ப் எரிந்துகொண்டே இருக்க, பெட்டிக் காற்று ஐம்பதைத் தாண்டிப் போகிறது. பல்ப் அணைந்த பிறகும் அந்தக் காற்று தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டே இருப்பதால் 37இல் நிற்கவேண்டிய தண்ணீர் 40ஐயும் கடக்கிறது. தீர்வு எளிது. கேத்தில் தண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து, ஏற்கெனவே 37க்கு வந்த தண்ணீரையே ரின்னில் ஊற்ற வேண்டும். அதன் பிறகு பல்புக்கு இழப்பை ஈடுசெய்கிற வேலை மட்டும்தான். பலகையில் பி1 என்ற அமைப்பு, சூடு எவ்வளவு இறங்கினால் பல்ப் திரும்ப எரியவேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அதை 0.3க்குக் குறைத்தேன். பி4 என்பது உணரியின் பிழையைத் திருத்துகிற அமைப்பு. காய்ச்சல் பார்க்கிற டிஜிட்டல் தேமோமீற்றரை அதே தண்ணீரில் பிடித்து, இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும்வரை பி4ஐ மாற்றினேன். காய்ச்சல் தேமோமீற்றர் 37ஐச் சுற்றித்தான் மிகத் துல்லியமாக இருக்கும்படி செய்யப்பட்டது. இந்த வேலைக்கு அதைவிட நல்ல அளவுகோல் வீட்டில் கிடையாது.

கஞ்சியும் உமிழ்நீரும்

மாப்பொருளுக்கு வெள்ளை அரிசி மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, மெல்லிய துணியில் வடித்த கஞ்சியை எடுத்தேன். கெட்டியாக இருக்கக்கூடாது, கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் பால்போல மங்கலாகத் தெரிந்தால் போதும். அதில் ஒரு சிட்டிகை உப்பு. அது ருசிக்கு அல்ல. உமிழ்நீரில் உள்ள, மாப்பொருளை வெட்டுகிற அமிலேஸ் என்ற நொதியம் முழு வலுவோடு வேலை செய்யக் குளோரைட்டு அயன் வேண்டும். உமிழ்நீரில் அது இயல்பாகவே உண்டு, நாம் ஐதாக்கும்போது குறைந்துவிடுகிறது.

உமிழ்நீர் எடுக்க முதலில் வாயை நன்றாகக் கொப்பளித்து, சற்றுப் பொறுத்து, ஊறி வருவதைச் சின்னக் கோப்பையில் சேர்த்தோம். அதைப் பத்து மடங்குக்கு ஐதாக்கினால்தான் மாற்றத்தைப் படிப்படியாகப் பார்க்கலாம். ஐதாக்காமல் விட்டால் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஒவ்வொருவரும் தன் உமிழ்நீரை மட்டுமே கையாளவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். முடிந்ததும் குழாய்களைப் பிளீச்சில் ஊறவைத்துக் கழுவினோம்.

மாப்பொருள் இருந்தால் கருநீலம் காட்டுவது அயடீன். அதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. காயத்துக்குப் போடுகிற போவிடோன் அயடீன் பாமசியில் கிடைக்கும். வெறுந்தேத்தண்ணி நிறம் வரும்வரை தண்ணீர் சேர்த்தால் சரி. வெள்ளை ரைல்ஸ் துண்டொன்றில் அதை வரிசையாகத் துளித்துளியாக வைத்தோம். கஞ்சியும் உமிழ்நீரும் கலந்த குழாயிலிருந்து அரை நிமிடத்துக்கு ஒரு துளி எடுத்து, ஒவ்வொரு அயடீன் துளியின் மேலும் விடுவதுதான் வேலை.

இதைக் கிட்ட இருந்து பார்க்கவேண்டும். முதலாவது துளி மைபோலக் கருநீலம். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் ஓரம் ஊதாவாகிறது. அதற்குப் பிறகு வருகிறவை ஒவ்வொன்றாகச் சிவந்து, நாவற்பழச் சாற்று நிறத்திலிருந்து செங்கபிலத்துக்கு வருகின்றன. கடைசித் துளிகளில் அயடீனின் மஞ்சள் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ரைல்ஸ் துண்டில் இடமிருந்து வலமாக ஒரு பெரிய மூலக்கூறு உடைகிற கதை முழுவதும் வரிசையாக நிற்கிறது. மருமகள் குனிந்து பார்த்துவிட்டு, "மாமா, கறுப்பு போயித்து! இது நம்மட துப்பலா செஞ்சது?" என்றாள்.

அதுதான் செய்தது. மாப்பொருள் என்பது குளுக்கோஸ் அலகுகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் தொடுத்த நீண்ட சங்கிலி. அது சுருளாகச் சுருண்டிருக்கும். அந்தச் சுருளுக்குள் அயடீன் போய் உட்காரும்போதுதான் கருநீலம் வருகிறது. அமிலேஸ் சங்கிலியை நடுவில் அங்கங்கே வெட்டுகிறது. துண்டுகள் சிறிதாகும்போது சுருளும் சிறிதாகிறது, அயடீனின் நிறம் சிவப்புக்கு மாறுகிறது. இடைநிலையில் உள்ள இந்தத் துண்டுகள்தான் டெக்ஸ்ட்ரின். இன்னும் வெட்டுப்பட்டால் பெரும்பாலும் மோல்டோஸ், அதாவது இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த சீனி. அதோடு அயடீன் எந்த நிறமும் தராது.

கறுப்பு மறைந்தது என்பது பாதிச் சாட்சிதான். மாப்பொருள் இல்லாமல் போனதை அது காட்டுகிறது, அதற்குப் பதில் என்ன வந்தது என்று சொல்லவில்லை. மருமகளின் விஞ்ஞான ஆசிரியரிடம், மோல்டோஸ் போன்ற சீனியோடு சூடாக்கினால் நிறம் மாறுகிற நீலப் பெனடிக்ட் கரைசல் கொஞ்சம் வாங்கி, கஞ்சி தனியாக, உமிழ்நீர் தனியாக, இரண்டும் கலந்து வேலை முடிந்த குழாய் தனியாக என்று கொதிநீரில் வைத்தோம். முதல் இரண்டும் நீலமாகவே நின்றன. கலந்த குழாய் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கட்டி நிறத்தில் அடியில் படிந்தது. சீனி புதிதாகப் பிறந்திருக்கிறது என்பதை அந்த மூன்று குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மறுக்கவே முடியாது.

ஐஸ், கொதிநீர், வினாகிரி

சூட்டைப் பற்றிப் பாடப்புத்தகம் சொல்வதைக் காட்ட நாலு குழாய் வைத்தோம். ஒன்று பெட்டிக்குள், ஒன்று மேசையில், ஒன்று மீன் ஐசுக்குள், ஒன்று முன்கூட்டியே கொதிக்கவைத்து ஆறவிட்ட உமிழ்நீரோடு பெட்டிக்குள்.

மேசையில் நின்ற குழாய் பெட்டிக்குள் இருந்ததைவிடச் சற்றுத்தான் பிந்தியது. இது நம் பக்கத்து ஆசிரியர்கள் கவனிக்கவேண்டிய விசயம். குளிர் நாடுகளில் எழுதிய செய்முறையில் "அறை வெப்பநிலை" என்றால் இருபது பாகை. மட்டக்களப்பில் மத்தியானம் அறைச் சூடே முப்பதைத் தாண்டி நிற்கிறது. அதற்கும் 37க்கும் இடையிலே வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பிள்ளை "ரெண்டும் ஒண்டுதானே" என்று எழுதினால் அவள் கண்டதைத்தான் எழுதுகிறாள். வித்தியாசத்தைக் காட்டவேண்டுமென்றால் ஐஸ் கட்டாயம் வேண்டும்.

ஐசுக்குள் இருந்த குழாய் நெடுநேரம் கருநீலமாகவே கிடந்தது. கொதித்த உமிழ்நீர்க் குழாயும் கருநீலம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான். வித்தியாசம் அடுத்த படியில் இருக்கிறது. ஐஸ் குழாயை எடுத்துப் பெட்டித் தண்ணீரில் நிறுத்தியதும் வேலை தொடங்கிவிட்டது, சில நிமிடங்களில் கறுப்பு கரைந்தது. கொதித்தது எவ்வளவு நேரம் பெட்டியில் நின்றும் அசையவில்லை. குளிர் நொதியத்தை மந்தமாக்குகிறது, அழிக்கவில்லை. கொதி அதன் புரத வடிவத்தையே குலைத்துவிடுகிறது, ஆறவைத்தாலும் அந்த வடிவம் திரும்பி வராது. அவித்த முட்டையின் வெள்ளைக் கரு திரும்பவும் இளகாதது இதே காரணத்தால்தான்.

அமிலத்துக்கு வினாகிரி எடுத்தோம். தேசிக்காய் கைக்குக் கிட்ட இருக்கிறதென்று அதை எடுத்துவிடாதீர்கள். தேசிச்சாற்றில் உள்ள வைட்டமின் சி அயடீனின் நிறத்தையே நீக்கிவிடும். கஞ்சி அப்படியே இருக்கும்போதே ரைல்ஸில் கறுப்பு வராது, பார்ப்பவர் சமிபாடு நடந்துவிட்டதாக எழுதிவிடுவார். நடந்ததற்கு நேர்மாறான முடிவு அது. வெள்ளை வினாகிரியில் இந்தத் தொல்லை இல்லை. சில துளி சேர்த்த குழாய் கடைசிவரை கருநீலம்.

இந்த ஒரு குழாயில் வாய்க்கும் இரைப்பைக்கும் உள்ள உறவு தெரிகிறது. வாயின் பிஎச் ஏழை ஒட்டியது, அமிலேசுக்கு அது சொந்த வீடு. இரைப்பையில் ஐதரோகுளோரிக் அமிலத்தால் பிஎச் இரண்டு அளவுக்கு இறங்கிவிடுகிறது. விழுங்கிய சோற்று உருண்டையின் உள்ளே அமிலம் ஊறும்வரை உமிழ்நீர் அமிலேஸ் தொடர்ந்து வெட்டிக்கொண்டிருக்கும், ஊறியதும் நின்றுவிடும். மிச்ச மாப்பொருளைச் சிறுகுடலில் சதையியிலிருந்து (கணையம்) வரும் அமிலேஸ் எடுத்துக்கொள்கிறது. சதையிச் சாறு காரத்தன்மை உள்ள இருகாபனேற்றைக் கொண்டுவந்து அமிலத்தைச் சமன் செய்த பிறகுதான் அதற்கும் வேலை ஓடும். எங்கள் பெத்தா சோற்றை ஆறுதலாக மென்று தின்னச் சொல்வார். மெல்லும்போது உமிழ்நீர் சோற்றின் எல்லாப் பரப்பிலும் சேர்கிறது, விழுங்கிய பிறகும் அந்த வேலை கொஞ்ச நேரம் தொடர்கிறது என்பதால் அந்தப் பேச்சுக்கு நல்ல அடிப்படை இருக்கிறது.

பச்சை அரிசி மாவையும் அவிக்காமல் தண்ணீரில் கலக்கி உமிழ்நீர் விட்டுப் பார்த்தோம். நிறத்தில் மாற்றம் வரவே இல்லை என்று சொல்லலாம். பச்சை மாப்பொருள் மணிகளாக இறுகியிருக்கிறது, அமிலேஸ் உள்ளே எளிதில் புக முடியாது. தண்ணீரோடு சூடாகும்போது மணி ஊதி வெடித்துச் சங்கிலிகள் வெளியே வருகின்றன. பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் மாவை ஆவியில் வேகவைப்பதால் பாதிச் சமிபாடு அடுப்பிலேயே நடக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

இன்னொரு விசயம் மருமகளுக்கு நிறையப் பிடித்தது. அவளுடைய உமிழ்நீர் என்னுடையதைவிடச் சீக்கிரமாகவே கறுப்பை நீக்கியது. ஆட்களுக்கு ஆள் இது மாறும். அமிலேசை உண்டாக்கும் ஏஎம்வை1 என்ற மரபணு சிலரிடம் சில பிரதிகளாகவும் சிலரிடம் பத்துக்கு மேற்பட்ட பிரதிகளாகவும் இருக்கிறது. மாப்பொருள் அதிகம் உண்டு வந்த சமூகங்களில் சராசரியாகப் பிரதிகள் கூடுதல் என்று 2007இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. நெல் விளைகிற அம்பாறை வயல்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. ஆனால் இரண்டு பேரின் குழாயை வைத்து மரபணுவை முடிவு செய்ய முடியாது. உமிழ்நீர் எவ்வளவு ஊறியது, எவ்வளவு ஐதானது என்பதும் நேரத்தை மாற்றும்.

நீரிழிவு மீற்றர் சொன்னது

அப்பாவின் குளுக்கோஸ் மீற்றரை மருமகள்தான் கொண்டுவந்தாள். நல்ல யோசனை. அந்த ஸ்ட்ரிப்பிலும் ஒரு நொதியம்தான் இருக்கிறது. பல மீற்றர்களில் அது குளுக்கோஸ் ஒக்சிடேஸ். பெனடிக்டில் செங்கட்டி நிறம் காட்டிய அதே கஞ்சியில் ஸ்ட்ரிப்பைத் தொட்டோம். மீற்றர் "லோ" என்றது. குளுக்கோஸ் தூளைத் தண்ணீரில் கரைத்துத் தொட்டபோது எண் ஏறியது. இரத்தத்துக்குச் செய்த கருவி என்பதால் அந்த எண்ணை நம்பக்கூடாது, உண்டா இல்லையா என்பதை மட்டும் பார்க்கவேண்டும். சில வகை ஸ்ட்ரிப்புகள் மோல்டோசையும் குளுக்கோஸாக எண்ணிவிடும், ஆகவே ஸ்ட்ரிப் பெட்டிக்குள் வரும் தாளை வாசித்துவிட்டுச் செய்யுங்கள்.

எங்களுக்கு வந்த முடிவின் பொருள் இதுதான். உமிழ்நீர் கஞ்சியைச் சீனியாக்கிவிட்டது, ஆனால் இரத்தத்துக்குள் போகக்கூடிய சீனியாக ஆக்கவில்லை. மோல்டோஸ் இரண்டு அலகு. குடலின் சுவர் ஒற்றை அலகைத்தான் உள்ளே எடுக்கும். அந்தக் கடைசி வெட்டு சிறுகுடல் சுவரில் உள்ள நுண்சடைமுளைகளின் (மிக நுண்ணிய விரல்போன்ற நீட்டங்கள்) மேல், அங்கேயே பதிந்திருக்கும் மோல்டேஸ் போன்ற நொதியங்களால் நடக்கிறது. வெட்டியதும் பக்கத்திலேயே உள்வாங்கும் வாசல். அந்த வாசல் குளுக்கோசைச் சோடியத்தோடு சேர்த்தே எடுக்கிறது. வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற ஜீவனியில் குளுக்கோசும் உப்பும் சேர்ந்திருப்பது இந்த வாசலைப் பயன்படுத்தத்தான். நீரிழிவுக்குச் சில இடங்களில் கொடுக்கும் அகார்போஸ் மாத்திரையும் இதே இடத்தில்தான் வேலை செய்கிறது. மாப்பொருளை வெட்டுகிற நொதியங்களைத் தடுத்து, குளுக்கோஸ் இரத்தத்துக்குள் ஏறுவதை மெதுவாக்குகிறது.

கக்கத்துக்குள் வைத்த குழாய்

37 பாகைக்குப் பெட்டி தேடியவர்கள் நாங்கள் மட்டும் அல்ல. 1752இல் பிரான்சில் ரியோமூர், இரண்டு பக்கமும் திறந்து கம்பிவலை போட்ட சின்ன உலோகக் குழாய்க்குள் இறைச்சியை வைத்துத் தன் பருந்துக்குத் தின்னக் கொடுத்தார். பருந்து சமிக்காததைக் கக்கிவிடும். திரும்பி வந்த குழாயில் நசுங்கல் இல்லை, உள்ளே இறைச்சி மட்டும் கரைந்திருந்தது. அரைப்பதால் அல்ல, ஏதோவொரு சாற்றால்தான் சமிபாடு நடக்கிறது என்பதற்கு அது வலுவான சான்று. பிறகு இத்தாலியில் ஸ்பலன்சானி இரைப்பைச் சாற்றையும் இறைச்சியையும் கண்ணாடிக் குழாயில் அடைத்துத் தன் கக்கத்துக்குள் வைத்து உடம்புச் சூட்டைக் கொடுத்தார். 1822இல் அமெரிக்காவின் மக்கினா தீவில் அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்ற தொழிலாளியின் வயிற்றில் வெடி பட்டது. ஆறிய பிறகும் இரைப்பைக்குள் ஒரு துவாரம் மிஞ்சியது. அவருக்கு வைத்தியம் பார்த்த இராணுவ வைத்தியர் வில்லியம் பியூமொண்ட், நூலில் கட்டிய இறைச்சித் துண்டுகளை அந்தத் துவாரத்தால் இறக்கி, வெளியே எடுத்து எடுத்துப் பார்த்து 1833இல் புத்தகமாக்கினார். அதே 1833இல் பிரான்சில் பயெனும் பெர்சோவும் முளைகட்டிய தானியத்திலிருந்து மாப்பொருளை உடைக்கும் பொருளைப் பிரித்தார்கள். 1836இல் சுவான் இரைப்பைச் சாற்றில் புரதத்தை வெட்டும் பெப்சினைக் கண்டார். சென் மார்ட்டின் பட்ட வேதனையை நினைக்காமல் இந்த வரலாற்றை என்னால் பிள்ளைக்குச் சொல்ல முடியவில்லை. அவர் ஏழை, சம்பளத்துக்காக அந்தத் துவாரத்தோடு வருசக்கணக்காகச் சோதனைக்கு உட்பட்டவர்.

ஜெலட்டினும் கடற்பாசியும்

புரதத்துக்கு எங்களிடம் பெப்சின் இல்லை. வளவில் பப்பாசி இருந்தது. பச்சைக் காயின் தோலில் கத்தி நுனியால் மேலிருந்து கீழாக ஆழமில்லாமல் கீறினால் பால் வடியும். அதில் பப்பெயின் என்ற புரத நொதியம் இருக்கிறது. ஒரு காலத்தில் இலங்கையிலிருந்து காய்ந்த பப்பாசிப் பால் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியானதும் இந்த நொதியத்துக்காகத்தான். அது நம் உடம்பின் நொதியம் அல்ல என்பதைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லவேண்டும். பெப்சின் கடும் அமிலத்தில் வேலை செய்யும், பப்பெயினுக்கு நடுநிலையை ஒட்டிய பிஎச் போதும். ஆனால் இரண்டும் வெட்டுவது புரதச் சங்கிலியைத்தான். பப்பாசிப் பால் தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. கையுறை போட்டு நான்தான் எடுத்தேன்.

நோன்பு நாள் என்பதால் கடைகளெல்லாம் கடற்பாசி (அகார்). எனக்கு அது நல்ல வாய்ப்பாகப் பட்டது. ஜெலட்டின் புரதம், மிருகத் தோலிலும் எலும்பிலும் இருந்து வருவது. கடற்பாசி மாப்பொருளைப் போல ஒரு காபோவைதரேற்று. இரண்டும் கோப்பையில் ஒரேபோல உறையும். அப்படியானால் புரதத்தை மட்டும் வெட்டுகிற நொதியம் ஒன்றைக் கெடுத்து மற்றதை விட்டுவிடவேண்டும்.

இரண்டையும் தனித்தனியாகக் காய்ச்சி, கைபொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் கோப்பைகளில் பிரித்தோம். ஒன்றில் எதுவும் இல்லை, ஒன்றில் தண்ணீரில் கரைத்த பப்பாசிப் பால், ஒன்றில் பத்து நிமிடம் கொதிக்கவைத்த பப்பாசிப் பால், ஒன்றில் உமிழ்நீர். பப்பெயின் சூட்டைத் தாங்கக்கூடியது, கொஞ்சம் சுடவைத்தால் போதாது, நன்றாகக் கொதிக்கவேண்டும். எங்கள் ஊர்ச் சூட்டில் ஜெலட்டின் மேசையில் உறையாது, பெட்டிக்குள் வைத்தால் உறைந்ததும் இளகிவிடும். ஆகவே அரை மணித்தியாலம் வெளியே வைத்து நொதியத்துக்கு நேரம் கொடுத்துவிட்டுப் பிரிட்ஜில் வைத்தோம்.

காலையில் ஜெலட்டின் கோப்பைகளைச் சரித்துப் பார்த்தால் பச்சைப் பப்பாசிப் பால் விட்டது மட்டும் தண்ணீராக ஓடியது. கொதித்த பால் விட்டது உறைந்திருந்தது. உமிழ்நீர் விட்டதும் உறைந்திருந்தது. கடற்பாசிக் கோப்பைகள் எல்லாமே உறுதியாக நின்றன, பப்பாசிப் பால் விட்டதும்கூட. கறுப்பை நீக்கிய உமிழ்நீருக்கு ஜெலட்டினில் வேலை இல்லை, ஜெலட்டினைக் கரைத்த பாலுக்குக் கடற்பாசியில் வேலை இல்லை. ஒவ்வொரு நொதியமும் தனக்குப் பொருந்துகிற மூலக்கூறை மட்டும் பிடிக்கிறது. 1894இல் எமில் ஃபிஷர் பூட்டையும் திறப்பையும் வைத்து இதைத்தான் விளக்கினார். உடம்பில் இத்தனை நொதியங்கள் வரிசையாக ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு இந்தக் கோப்பைகளே பதில்.

மருமகளின் அடுத்த கேள்வி எனக்குச் சந்தோசம் தந்தது. புரதத்தை வெட்டுகிற சாறு இரைப்பையிலும் சதையியிலும் ஊறுகிறதென்றால், அந்த உறுப்புகளும் புரதத்தால் ஆனவைதானே, அவை ஏன் கரையவில்லை? உடம்பு இவற்றைச் செயலற்ற வடிவத்தில் சுரக்கிறது. பெப்சினோசன் இரைப்பை அமிலத்தைக் கண்ட பிறகுதான் பெப்சினாகிறது. சதையியில் ஊறும் திரிப்சினோசன் சிறுகுடலுக்குள் வந்து அங்குள்ள இன்னொரு நொதியம் அதன் ஒரு துண்டை நறுக்கிய பிறகுதான் திரிப்சினாகிறது. இரைப்பைச் சுவரைச் சளிப்படை காக்கிறது. சதையிக்குள்ளேயே திரிப்சின் விழித்துக்கொண்டால் உறுப்பு தன்னையே அரிக்கத் தொடங்கும், சதையி அழற்சியின் கடும் வலி அப்படி வருவதுதான்.

காத்தான்குடிப் பக்கம் முற்றிய மாட்டிறைச்சிக்குப் பப்பாசிக்காய்த் தோலை அரைத்துப் போடுவார்கள். அது சுத்தமான நொதிய வேலை. சட்டி சூடேறி அறுபது பாகைப் பக்கம் போகும்போதுதான் பப்பெயின் மிக வேகமாக வெட்டும், கொதி வந்ததும் அடங்கிவிடும். விருந்துக்குப் பிறகு பப்பாசிப் பழம் தின்றால் இறைச்சி சமிக்கும் என்பதை மட்டும் நான் அதே அளவில் நம்பவில்லை. பழுக்கப் பழுக்கப் பால் வற்றிவிடுகிறது.

கொழுப்பைப் பற்றி அதிகம் இல்லை. தேங்காய் எண்ணெயும் தண்ணீரும் குலுக்கினால் பிரிந்துவிடும், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி விட்டால் வெண்மையாகக் கலந்து நிற்கும். பித்தம் செய்வது அதுதான், பித்தம் நொதியம் அல்ல. கொழுப்பைச் சின்னத் துளிகளாக்கி, கொழுப்பை வெட்டும் நொதியமான லிப்பேசுக்குப் பரப்பைக் கூட்டிக் கொடுக்கிறது. லிப்பேஸ் கையில் இல்லாததால் வெட்டுவதைக் காட்ட முடியவில்லை.

படுவான்கரைத் தயிர்

அப்பாவுக்குப் பால் குடித்தால் வயிறு ஊதும், இரைச்சல் போடும். தயிர் எவ்வளவு தின்றாலும் ஒன்றும் இல்லை. இதை வீட்டில் எல்லோரும் வருசக்கணக்காகக் கண்டிருக்கிறோம். காரணம் லக்டேஸ் என்ற நொதியம். பால் சீனியான லக்டோசை அதுதான் இரண்டாக வெட்டவேண்டும். பால்குடிப் பிள்ளையிடம் நிறைய இருக்கும், வளர வளரப் பெரும்பாலானவர்களிடம் குறைந்துவிடும். உலகில் மூன்றில் இரண்டு பங்கு ஆட்களுக்கு வளர்ந்த பிறகு இந்த நிலைதான், அது நோய் அல்ல. வெட்டுப்படாத லக்டோஸ் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பக்டீரியாவுக்கு உணவாகி வாயு உண்டாகிறது, தண்ணீரையும் இழுத்துக்கொள்கிறது.

மண்முனைப் பாலத்தால், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து மண்சட்டியில் எருமைத் தயிர் வருகிறது. அந்தத் தயிர் உறையும்போதே பக்டீரியா லக்டோசின் ஒரு பகுதியைத் தின்று அமிலமாக்கிவிட்டது. மிச்ச லக்டோசுக்கும் ஒரு வழி இருக்கிறது. தயிர்ப் பக்டீரியாவிடம் லக்டோசை வெட்டுகிற சொந்த நொதியம் உண்டு. அது பக்டீரியாவின் உடலுக்குள் இருப்பதாலும் தயிர் இரைப்பை அமிலத்தை ஓரளவு தாங்கிக்கொள்வதாலும் கணிசமான பங்கு சிறுகுடல்வரை போய்ச் சேர்கிறது. அங்கே அப்பாவின் குடலில் இல்லாத வேலையை அது செய்துகொடுக்கிறது. கெட்டித் தயிர் மெதுவாக இறங்குவதும் உதவி.

தயிர் சேர்த்துச் சமைத்தால் இந்த உதவி கிடைக்காது. மோர்க்குழம்பாகக் கொதிக்கும்போது பக்டீரியாவும் போய்விடும், அதன் நொதியமும் எங்கள் கொதித்த உமிழ்நீர்க் குழாயைப் போலவே செயலிழந்துவிடும். மிஞ்சியிருக்கும் லக்டோஸ் அப்படியே இருக்கும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் தயிரைச் சோறு ஆறிய பிறகு மேலே விட்டுப் பிசைந்து தின்பதே நல்லது. அப்பாவுக்கு இப்போது அப்படித்தான் கொடுக்கிறோம், சட்டி உறைந்து நன்றாகப் புளித்த பிறகு.